கடிதம் எதிலிருந்து எதுவரை

"இருக்கறதுலயே ஒடைக்க முடியாத சைஃபர் எது டீச்சர்? அதை மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம்."

கேட்டவர் சேலத்து வக்கீல் சவரிமுத்து. பேரன் எடுத்தவர்.

பதில் சொல்ல வேண்டியவர் தில்ஷாத். கணினியில் ரகசியம் காப்பது எப்படி என்று ஏற்காட்டில் கற்றுக்கொடுப்பவர். வக்கீலின் மூத்த மகளைவிட இளையவர். அதனால் என்ன, வக்கீல் அவர் முன்னால் கைகட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

சைஃபர் என்பது எழுதியதைக் குலைத்துப் போடும் கணக்கு. சாவி உள்ளவர் மட்டுமே அதைத் திரும்பக் கோர்த்துப் படிக்கலாம்.

வக்கீலின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு கொலையைக் கண்ணால் பார்த்த குணவதி என்ற பெண்ணை அவர் ஒளித்து வைத்திருந்தார். கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லும்வரை அவள் உயிரோடு இருந்தாக வேண்டும். எதிராளியின் ஆட்கள் தம் மின்னஞ்சலை மோப்பம் பிடிப்பதும் அவருக்குத் தெரியும்.

"எதை மறைக்கணும் சார்?" என்றார் தில்ஷாத்.

"கடிதத்தை."

"கடிதம்னா, எதுலேர்ந்து எதுவரைக்கும்?"

வக்கீலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குரு என்று ஒருவரைப் பிடித்தாலே இதுதான் தொல்லை, நேராகக் கேட்டால் நேராகப் பதில் வராது என்று நினைத்துக்கொண்டார்.

"நானே எல்லாம் பாத்துட்டேன் டீச்சர். பழைய சைஃபரை எல்லாம் தூக்கிப் போட்டாச்சு. வந்ததுலயே புதுசு, பலமானது எதுவோ அதைத்தான் வச்சிருக்கேன். சென்னையில என் சீனியர் அவரோட பொதுச்சாவியக் குடுத்திருக்கார். அதால பூட்டினா, அவர்கிட்ட இருக்கற தனிச்சாவிதான் தெறக்கும். பூட்டின நானே நெனச்சாலும் முடியாது. எப்படி?"

"நல்ல ஏற்பாடுதான்."

"காலையில அவருக்கு அனுப்பினதுல ஒரு நகல் உங்களுக்கும் அனுப்பியிருக்கேன். முடிஞ்சா தெறங்க, பாக்கலாம்."

தில்ஷாத் கைப்பேசியைப் பார்த்தார். ஒரே பார்வை. கடிதத்தின் மேல் விரல்கூட வைக்கவில்லை.

"குணவதி இன்னும் ஓசூர்ல அவங்க சித்தி வீட்டுலதான் இருக்காங்களா?"

வக்கீல் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஒடைச்சிட்டீங்களா?"

"இல்ல."

"சீனியரோட தனிச்சாவி உங்க கைக்கு வந்துடுச்சா?"

"இல்ல."

"அப்ப என் ஜூனியர்தான் ஒளறியிருக்கான்! இன்னிக்கே அவனை..."

"அவரை எதுக்கு சார் இழுக்கறீங்க?"

தில்ஷாத் கைப்பேசியை அவர் பக்கம் திருப்பினார்.

திரை முழுக்கத் தலைகால் புரியாத எழுத்துகள். அசல் பூட்டு, வக்கீல் பெருமைப்பட்டதில் தப்பே இல்லை. அதற்கு மேலே, பச்சைத் தமிழில் ஒரு வரி.

பொருள்: சாட்சி குணவதி ஓசூரில் சித்தி வீட்டிலேயே தொடர்ந்து தங்குவது தொடர்பாக.

தொழிலில் ஊறிய பழக்கம். மனுவோ மடலோ, மேலே பொருளை விவரமாகப் போடாமல் ஒரு தாளும் அவர் அலுவலகத்தைத் தாண்டியதில்லை. மென்பொருளோ உள்ளே எழுதியதைத்தான் பூட்டியது. பொருள் வரியை அது தொடவே இல்லை.

"இதுதான் முதல் கடிதமா சார்?"

வக்கீலின் முகம் வெளுத்துவிட்டது.

"போன வாரம் ஒண்ணு அனுப்பினேன்... அவளை அங்க மாத்தினப்போ. அதுலயும் பொருள் போட்டேன். தெருப் பேரோட."

தில்ஷாத் சட்டென்று எழுந்தார். வக்கீலின் கைப்பேசியை எடுத்து அவர் கையிலேயே திணித்தார்.

வக்கீல் குணவதியின் எண்ணைத் தேடி அழுத்தினார். குணவதி உடனே எடுத்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் சார். வாசல்ல ரெண்டு பேரு நிக்கறாங்க. கதவைத் தெறக்கட்டுமா?"

"தெறக்காதம்மா!" வக்கீல் அலறினார். "பின்பக்கமா ஓடு! நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ!"

"உங்க பேரைச் சொல்லித்தானே சார் கதவைத் தட்டறாங்க? அப்ப அவங்களை நீங்க அனுப்பலையா?"

இல்லை என்று சொல்ல வக்கீலுக்கு வாய் வரவில்லை; வழிகாட்டி அனுப்பியதே அவர் போட்ட பொருள் வரிதானே.