வாசல் ஹைட்ரேஞ்சியா

குரு, சிஷ்யன்னு ஆரம்பிச்சதுமே உங்க தலை லேசா சாயுது. கண்ணு பாதி மூடிக்குது. கடைசியில குரு "பொறுமை"ன்னு சொல்லுவாரு, நாமளும் வீட்டுக்குப் போய் சாப்பாடு வர்ற வரைக்குமாவது பொறுமையா இருப்போம்னு உட்கார்ந்திருக்கீங்க.

இருங்க. அந்த வார்த்தை வரும். கடைசியில வராது.

கோத்தகிரிக்கு மேல ஒரு சின்ன மடம். அதுல பொன்னம்பல சாமி. அவருக்கு ஒரே ஒரு சிஷ்யன், மருதப்பன். கரூர்ல நல்லா ஓடிட்டிருந்த மெஸ்ஸை மச்சான் கையில குடுத்துட்டு, ஞானம் வேணும்னு மலையேறி வந்தவரு. குருவுக்கும் சிஷ்யனுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. ஒரே வழுக்கை.

வந்த அன்னிக்கே உபதேசம் கேட்டாரு மருதப்பன். சாமி வாசல்ல இருந்த ஹைட்ரேஞ்சியாவைக் காட்டினாரு. இடுப்பு உயரம்கூட இல்லாத குள்ளச் செடி.

"இது பூக்கிற அன்னிக்கு உபதேசம். மறுநாள் நீ ஊருக்குக் கிளம்பலாம்."

இவ்வளவுதானான்னு மருதப்பன் சமையல்கட்டையும் சேர்த்தே ஏத்துக்கிட்டாரு.

பனி விழுந்துச்சு. இலை பூராவும் கொட்டிருச்சு. மிச்சம் வெறும் குச்சி. மருதப்பன் பதறிப்போய் ஓடி வந்தாரு.

"சாமி, செடி செத்துப்போச்சு."

சாமி பாயில படுத்தாரு. கண்ணை மூடினாரு. நல்லா சத்தமா குறட்டை விட்டாரு.

மருதப்பனுக்குப் புல்லரிச்சுப்போச்சு. ஆகா, தூங்குது. தண்ணியைக் குறைச்சாரு. வேர் மேல காஞ்ச சருகைப் போர்த்தி விட்டாரு.

வெயில் வந்ததும் செடி முழிச்சுக்கிச்சு. பந்து மாதிரி, பச்சைப்பசேல்னு. ஆனா பூ இல்ல. பக்கத்து வீட்டு வேலியோரம் அதே செடி கொத்துக்கொத்தா நீலமா சிரிக்குது.

அடுத்த வருஷமும் அப்படியே. தோசை ஊத்திக்கிட்டே காரணம் கேட்டாரு மருதப்பன். சாமி காலித் தட்டைத் தூக்கிக் காட்டினாரு.

மனசைக் காலி பண்ணணும்னு மருதப்பன் புரிஞ்சுக்கிட்டாரு. கண்ணை மூடிக் காலி பண்ண ஆரம்பிச்சாரு. தட்டு ரொம்ப நேரம் அந்தரத்துலயே நின்னுச்சு.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டதுல விஷயம் தெரிஞ்சுது. பனிக்காலத்துக்கு முன்னாடியே, அந்த மொட்டைக் குச்சி நுனியிலதான் அடுத்த வருஷத்துப் பூ மொட்டா ஒளிஞ்சிருக்குமாம். நுனி போனா பூ போச்சு.

அந்த வருஷம் கத்தரிக்கோலையே ஒளிச்சு வச்சுட்டாரு மருதப்பன். நுனியெல்லாம் குண்டுகுண்டா மொட்டு. ஒருநாள் காலையில போய்ப் பார்த்தா ஒண்ணைக்கூடக் காணோம். காட்டெருமை மேய்ஞ்சிருக்கும்னு சாமிகிட்ட வந்து புலம்பினாரு.

"பொறுமை"ன்னாரு சாமி.

மறு வருஷம் செடியைச் சுத்தி முள்வேலி போட்டாரு. எருமை என்ன, எலிகூட நுழைய முடியாது. மொட்டு வந்துச்சு. பொங்கலுக்கு சாமியோட தங்கச்சி வடிவு ஈரோட்டுலேருந்து வந்திருந்தப்போ, மறுபடியும் ஒருநாள் காலையில நுனியெல்லாம் காணோம்.

மத்தியானம் அண்ணனும் தங்கச்சியும் சாப்பிட உட்கார்ந்தாங்க. மருதப்பன் கரண்டியோட நின்னாரு.

"வேலி போட்டபடியே இருக்கு சாமி. எருமை வரல. அப்போ தப்பு எங்கிட்டத்தான். உபதேசம் வாங்குற யோக்கியதை எனக்கில்ல. நாளைக்கே மெஸ்ஸுக்குப் போயிடறேன். ஏன் பூக்கலன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

சாமி வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில நின்னுச்சு. மெல்லத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாரு.

மருதப்பனும் கூரையைப் பார்த்தாரு. அங்க ஏதோ பெரிய பதில் இருக்கு.

வடிவுக்கு அந்த மனுஷன் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கல. பிசைஞ்ச சோத்தை அப்படியே தட்டுல போட்டாங்க.

"ஏன்ணா, விடியறதுக்கு முன்னாடி குல்லாவை மாட்டிக்கிட்டு வேலிக்கு மேல கையை விட்டு நுனியெல்லாம் கிள்ளுனியே. எதுக்குன்னு கேட்டதுக்கு, பூத்துட்டா இவன் கிளம்பிடுவான், அப்புறம் இந்த மாதிரி ரசம் எனக்கு யாரு வைப்பான்னுதானே சொன்ன?"