மிஷினுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

“ரெண்டுல எதை வாங்கன்னு சொல்லுங்கம்மா. சொல்லலேன்னா இந்தக் காரை இங்ஙனயே தீ வச்சுக் கொளுத்திட்டுப் போயிருவேன்.”

திருமலைக்கொழுந்து மடத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்ன வார்த்தை இது. ஒரு கும்பிடு கிடையாது. செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று படியில் கிடந்தது, ஒன்று செடிக்குள் கிடந்தது.

செங்கோட்டைக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அந்த மடம். மடம் என்றதும் கோபுரத்தையும் சொத்தையும் நினைக்க வேண்டாம். ஒரு அம்மன் சிலை, ஒரு ஓட்டுக் கூடம், ஒரு அடுப்படி. அவ்வளவுதான்.

அதை நடத்துகிறவள் பிச்சம்மை. நாற்பது வயசு இருந்தால் அதிகம். கொழுந்து அவளைவிட ரொம்ப மூத்தவர். ஆனாலும் ஊரே அவளை அம்மா என்று கூப்பிடுவதால் அவரும் அப்படியே கூப்பிடுவார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். உபதேசம் பண்ணுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கேட்டால் ரெண்டு வார்த்தை சொல்வாள். அதுக்கு மேல் கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கொழுந்து இரண்டு பெட்டிகளை அவள் முன்னால் டொம்மென்று வைத்தார். ஒன்று சின்னது, ஒன்று பெரிசு.

“என்னது அண்ணாச்சி இது?”

“கார்ல என்ன கோளாறுன்னு காட்டுத மிஷின். ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு துவாரம் இருக்கு. அதுல சொருகினா நம்பர் காட்டும். நம்பரைப் பாத்தா கோளாறு தெரியும்.”

“தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சா நான் ஏன் இங்ஙன வந்து உசுரை விடுதேன்?”

பிச்சம்மை பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். அவரே சொல்லட்டும் என்று இருந்தாள்.

“வண்டி பழசு. அதுல இன்ஜின் லைட்டு எரியுது. முதல்ல போன்ல பாத்து ஒரு மிஷினை வரவழைச்சேன். சொருகினா செவிட்டுப் பிணம் மாதிரிக் கிடக்கு. என்னன்னு கேட்டா, அது புது வண்டிகூட மட்டுந்தான் பேசுமாம். பழைய வண்டி பேசுத பாஷை அதுக்குத் தெரியாதாம். தூக்கிச் சுவத்துல அடிச்சேன்.”

“சரி.”

“தென்காசியில ஒரு கடைக்காரன் இந்த ரெண்டையும் குடுத்தான். ரெண்டும் பழைய வண்டிக்கு ஆவும், ஓட்டிப் பாத்துட்டு ஒண்ணைத் திருப்பிக் குடுன்னான். இந்தச் சின்னது நம்பரைக் காட்டும். ஒரு பட்டனை அமுக்குனா அழிச்சிரும். லைட்டு அணைஞ்சிரும். நாலு வளைவு போறதுக்குள்ள திரும்ப எரியும். நானும் அழிக்கேன், அழிக்கேன், அது எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு.”

“பெரிசு?”

“அது படம் போடுது. கோடு ஏறுது, கோடு எறங்குது. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல.”

“எனக்கு மட்டும் புரியுமாக்கும்? காரைப் பத்தி எனக்கு என்ன தெரியும், கதவைத் திறந்து உட்காரத் தெரியும்.”

“அப்ப எனக்கு வழி?” என்று கத்தினார். கூடமே அதிர்ந்தது.

அந்த மனுசன் இவ்வளவு கத்துவதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் அதே கூடத்தின் மூலையில், முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு, அம்மனுக்குப் பூ தொடுத்துக்கொண்டிருந்தது.

அவர் மனைவி சங்கரவடிவு. மார்பில் கட்டி. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். தலைமுடி முழுக்கப் போய்விட்டது. போன தடவை கூட்டிப்போகும்போது, ஆரியங்காவு ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. பின்னால் லாரிகள் வரிசைகட்டி நின்று ஹாரன் அடிக்க, நடுரோட்டில் அவள் வாந்தி எடுத்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இதுக்கு மேல் தள்ளினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவள் போக மாட்டேன் என்கிறாள்.

இனிமேல் உங்க கார்ல ஏற மாட்டேன் என்றாள். சரி, வாடகைக்கார் பிடிக்கேன், நானும் கூட வாரேன் என்றார். அதுக்கும் மாட்டேன் என்றாள். அப்பவாவது அந்த ஆளுக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. கார் மேல் பயம் பிடித்துவிட்டது, காரைச் சரிபண்ணிவிட்டால் வந்துவிடுவாள் என்று முடிவுகட்டிக்கொண்டு மிஷின் மிஷினாகத் தேடி அலைந்தார். அவள் காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து மடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். வீட்டில் பேச்சே கிடையாது.

“நாளைக்கு அவ போயாவணும். சாவப்போறவ மாதிரி உட்கார்ந்திருக்கா. எனக்குப் பத்திக்கிட்டு வருது. சொல்லுங்க, எந்த மிஷினு?”

“தெரியாது அண்ணாச்சி.”

“அப்ப அம்மன்கிட்டயே கேட்ருவோம். பூக்கட்டிப் பாருங்க.”

பூக்கட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தில் வழக்கம்தான். சிவப்புப் பூவை ஒரு இலையிலும் வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் வைத்து, வெளியே தெரியாமல் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ அதுதான் அம்மன் வாக்கு.

பிச்சம்மைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“பொண்ணு குடுக்கலாமான்னு பூக்கட்டிப் பாப்பாவ. கிணறு வெட்டலாமான்னு பாப்பாவ. மிஷினு வாங்கதுக்கு அம்மன் என்ன மெக்கானிக்கா?”

“மத்தவன் எல்லாம் கையை விரிச்சிட்டானுவ. வேற யார்ட்ட கேக்க?”

“எல்லார்ட்டயும் கேட்டாச்சா?”

“கேட்டாச்சு. மெக்கானிக்கு, எலக்ட்ரீசியன், கடைக்காரன், டாக்ஸி ஸ்டாண்டுல இருக்க அத்தனை டிரைவர், போன்ல கார் ரிப்பேர் சொல்லித்தார வீடியோக்காரன். எல்லார்ட்டயும்.”

“ஒருத்தரும் விட்டுப்போவலையே?”

“ஒருத்தரும் விட்டுப்போவல.”

மூலையில் பூ தொடுத்த கை நின்றது. பிச்சம்மை அந்தப் பக்கம் திரும்பினாள்.

“மதினி, பூ உங்ககிட்டதானே இருக்கு. ரெண்டு பொட்டலம் கட்டுங்க.”

சங்கரவடிவு பக்கத்தில் கிடந்த வாழை இலையைக் கிழித்தாள். முதுகைக் காட்டி உட்கார்ந்து இரண்டு பொட்டலம் கட்டினாள். நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, ஒரு தட்டில் வைத்துத் தள்ளிவிட்டாள்.

பிச்சம்மை அதை எடுத்து அம்மன் காலடியில் வைத்தாள்.

“சிவப்பு வந்தா பெரிசு. வெள்ளை வந்தா சின்னது” என்றார் கொழுந்து. கண்ணை மூடிக் கும்பிட்டார். கும்பிடும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு பொட்டலத்தை எடுத்து நூலைப் பிய்த்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை.

இலையை உதறிப் பார்த்தார். ஒரு இதழ்கூட விழவில்லை. மற்ற பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்தார். அதுவும் வெறும் இலை.

“என்னளா இது? அம்மன் முன்னால விளையாட்டா காட்டுத? நான் நாயா பேயா அலையுதேன், உனக்கு நக்கலா இருக்கா?”

அவள் மறுபடியும் பூ தொடுக்க ஆரம்பித்திருந்தாள்.

“ஏன் பூ வைக்கலன்னு கேளுங்க அண்ணாச்சி” என்றாள் பிச்சம்மை.

“திமிரு. வேற என்ன.”

“அது நீங்க சொல்லுத பதில். நான் மதினிகிட்டக் கேக்கச் சொன்னேன்.”

கொழுந்துக்குக் கேட்பதற்கு மனசே இல்லை. ஆனாலும் பிச்சம்மை பார்த்த பார்வையில் கேட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது.

“ஏன் வைக்கல?”

“ரெண்டும் வேண்டாம், அதான் வைக்கல” என்றாள் சங்கரவடிவு. கணவரிடம் பல நாள் கழித்து அவள் பேசிய பேச்சு. குரல் கரகரவென்று இருந்தது. “வண்டி மலையேறும்போது என் சீட்டுக்கு அடியில என்னமோ முனகும். ஏற ஏற முனகல் கூடும். அப்புறம் வெட்டி வெட்டி இழுக்கும். முனகல் சட்டுன்னு நின்னா வண்டியும் நின்னுரும். அன்னைக்கும் அப்படித்தான் நின்னுச்சு.”

கொழுந்து வண்டி ஓட்டியே தலை நரைத்த ஆள். பின் சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? பெட்ரோல் டேங்க். டேங்குக்குள் பம்ப். பம்ப் தளர்ந்தால் ஏற்றத்தில் இன்ஜினுக்குப் பெட்ரோல் பத்தாது. அந்தச் சின்ன மிஷின் காட்டிய நம்பரும் பெட்ரோல் பத்தவில்லை என்றுதான் சொன்னது. சென்சார் பொய் சொல்கிறது என்று மெக்கானிக் அதைக் கழற்றி மாற்றினான். இவரும் தலையாட்டினார்.

அடுத்த நொடியே கோபம் திரும்ப ஏறியது. வேறு எப்படி இருக்கவும் அவருக்குத் தெரியாது.

“இவ்வளவு நாளா தெரிஞ்சுக்கிட்டுச் சும்மா இருந்தியா? எங்கிட்டச் சொல்லித் தொலைக்கதுக்கு என்ன?”

“சொன்னேன்.”

“எப்ப சொன்ன?”

“தென்மலையில வச்சுச் சொன்னேன். அதுக்கு அடுத்த தடவை புளியரையில சொன்னேன். அன்னைக்கு வண்டி நிக்கதுக்கு முந்தியும் சொன்னேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

சங்கரவடிவு நூலைப் பல்லால் கடித்தாள்.

“‘வாயை மூடிட்டு வாளா. நான் வண்டிச் சத்தத்தைக் கேக்கணும்’னு சொன்னிய.”

 

கொழுந்து விருட்டென்று வெளியே போனார். வெறுங்காலோடு காரிடம் போய்ப் பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். இத்தனை வருசத்தில் அந்த இடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. அவள் துண்டு அங்கே மடித்துக் கிடந்தது. வாந்தி எடுக்க அவள் வைத்திருந்த பிளாஸ்டிக் பைகள் கதவு இடுக்கில் செருகியிருந்தன. எதிரே அவர் சீட்டின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

முன்னால் எக்கிச் சாவியைத் திருப்பினார்.

அடியில் முனகியது. தொடையிலேயே அதிர்வு தெரிந்தது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். மறுபடி முனகியது.

அவருக்குக் கேவலமாக இருந்தது. முன் சீட்டின் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டார். கை வலித்ததுதான் மிச்சம். இறங்கி உள்ளே வந்தார்.

“பம்ப்தான்” என்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. “இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மாத்திருவேன். இனிமே எங்ஙனயும் நிக்காது. நாளைக்கு வாரியா?”

“மாட்டேன்.”

“அதான் வண்டி சரியாயிருமே.”

“வண்டி நின்னதுக்கா நான் வரமாட்டேன்னேன்?”

“பின்ன என்னளா எழவுக்கு…”

பாதியில் நிறுத்திக்கொண்டார். தன் சத்தம் தனக்கே காதில் விழுந்தது. ஓடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பிச்சம்மையைப் பார்த்தார். ஏதாவது சொல்லி இவளைச் சம்மதிக்க வையுங்களேன் என்று கெஞ்சுகிற பார்வை.

பிச்சம்மை இரண்டு பெட்டிகளையும் எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“ரெண்டையும் கடைக்காரன்கிட்டக் குடுத்திருங்க.”

“அப்ப நான் எதை வச்சும்மா…”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

கூடத்தில் அவரும் சங்கரவடிவும் மட்டும் இருந்தார்கள். பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவளை அதட்டலாமா என்று தோன்றியது. தூக்கிக்கொண்டு போய்க் காரில் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இதுக்கு மேல் தள்ளினால் பொறுப்பில்லை என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அவளிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பெட்டிகளைக் கீழே வைத்தார்.

“வேற என்னவெல்லாம் சொன்ன,” என்றார், “நான் கேக்காம?”

சங்கரவடிவு பூவைக் கூடைக்குள் போட்டுவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“உட்காருங்க,” என்றாள். “நேரமாவும்.”