காக்கைக்கு ஒரே சொல் மிஞ்சிய கதை

அந்தக் காலத்தில் பறவைகளுக்குத் தனித்தனி மொழிகள் இருந்தன. ஒன்று பேசினால் மற்றதற்குப் புரியவும் செய்தது. காக்கையின் மொழிதான் பெரியது. அதில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கொக்கு தன் மொழியில் உச்சரிக்காத எழுத்தையும் விடாமல் எழுதும். மைனாவின் மொழியில் கல்லும் முள்ளும்கூட ஆணாகவோ பெண்ணாகவோ இருந்தாக வேண்டும். கௌதாரிக்கு இறந்தகாலமே கிடையாது. நேற்றுத் தின்றதையும் இன்று தின்பதாகவே சொல்லும்.

ஒரு கடுங்கோடையில் காட்டில் ஒரே ஒரு குளம்தான் வற்றாமல் இருந்தது. யானைகள் அதைச் சுற்றி முள்வேலி போட்டன. “தண்ணீர் வேண்டுமென்றால், பறவைகள் எல்லாம் தத்தம் மொழியில் ஆளுக்கொரு வரி எழுதி, கால் தடம் பதித்து, ஒரே ஓலையாகக் கொண்டுவரட்டும். நாளை உச்சிவெயில் வரை பார்ப்போம். அதற்குப் பிறகு குளம் எங்களுடையது” என்றது யானைத் தலைவன்.

ஓலையைச் சேர்க்கும் பொறுப்பு கரியன் என்ற காக்கையிடம் வந்தது. கழுகை எதிர்த்து மூன்று முறை கூட்டம் திரட்டியவன் அவன். கூட்டில் அவன் மனைவி நீலி, நாவறண்டு கிடந்த குஞ்சைக் காட்டினாள். “சீக்கிரம் வந்திடுங்க. நாளைச் சாயங்காலம் வரைக்கும் இது தாங்காது” என்றாள்.

மறுநாள் காலையிலேயே ஓலை தயார். கரியன் வாசித்துப் பார்த்தான்.

“கொக்கண்ணே, வாயே திறக்காத இந்த எழுத்து எதுக்குச் சும்மா நிக்குது?”

“எங்க பாட்டன் எழுதினார், நானும் எழுதறேன். உனக்கு மட்டும் ‘நாம்’ ஒண்ணு, ‘நாங்கள்’ ஒண்ணு எதுக்கு?”

“கூட இருக்கிறவன் யாரு, வெளியே நிக்கிறவன் யாருன்னு தெரியணும்ல.”

“அப்ப எங்களை எதுல சேர்த்திருக்கே?” என்றது மைனா.

கரியன் மைனாவின் வரியை அலகால் தட்டினான். “முதல்ல உன் முள்வேலி ஏன் பொம்பளையா இருக்கு, அதைச் சொல்லு” என்றான்.

“வெயில் ஏறுதுண்ணே. யானைக்கு இலக்கணமா தெரியும்? கொடுத்துட்டு வாங்க” என்றது கௌதாரி.

அது கரியனுக்குப் பொறுக்கவில்லை. “பிழையோட போற ஓலையில என் கால் படாது” என்று சொல்லி, ஓலையை அலகால் இரண்டாகக் கிழித்தான்.

மறுபடி எழுதினார்கள். வரிக்கு வரி திருத்தினான். வரிக்கு வரி சண்டை. யானையோடு மோத வந்தவர்கள் யானையையே மறந்துபோனார்கள். எல்லோரும் நிமிர்ந்தபோது நிழல் கிழக்கே சாய்ந்திருந்தது. யானைத் தலைவன் ஓலையை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

கரியன் கூட்டுக்குத் திரும்பினான். அசைவற்றுக் கிடந்த குஞ்சை நீலி இறகால் மூடியிருந்தாள்.

“ஓலை நல்லா வந்துச்சா?” என்று கேட்டாள்.

“பிழையே இல்ல.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் அழ வாயைத் திறந்தான். ‘நாம்’ வரவில்லை, ‘நாங்கள்’ வரவில்லை. காலமும் பாலும் இல்லாத ஓர் ஒலி மட்டும் வந்தது: கா. மறுபடியும் அதுவே வந்தது. கொக்கும் மைனாவும் கௌதாரியும் பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்தன. யாரும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு வேறு எந்தச் சொல்லையும் அவன் எடுக்கவில்லை. அவன் இனமும் எடுக்கவில்லை. அன்று முதல்தான், ஒரு காக்கை செத்து விழுந்தால் சுற்றுவட்டாரக் காக்கைகள் எல்லாம் கூடி, அந்த ஒரே சொல்லைத் தொண்டை கிழியக் கத்துகின்றன.