படியைக் காணாத அரசவை

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். குளிர்ந்தால் மாலை, கொதித்தால் கழுமரம், அப்படியொரு குணம். அவனுடைய மந்திரி மாசிலாமணி. சிறு வயதில் கண்ட காய்ச்சலில் இடதுகால் சூம்பிப்போக, கக்கத்தில் கட்டை ஊன்றித்தான் நடப்பார்.

அரசவை ஆளுயர மேடைமேல் இருந்தது. ஏறுவதற்குத் தேக்குமரப் படிக்கட்டு. ஒருநாள் அயல்நாட்டுத் தூதர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டை வழுக்கி மந்திரி படியில் விழுந்தார். தூதர் சிரித்துவிட்டார். ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று.

மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த தளவாய் சேனாதிராயருக்கு இது போதாதா? "மகாராஜா, துணையில்லாமல் சபை ஏறமுடியாதவனுக்குச் சபையில் என்ன வேலை?" என்று பற்றவைத்தார்.

"சரியான பேச்சு! நாளைக் காலை எல்லோரும் எந்தத் துணையும் இல்லாமல் சபை ஏறவேண்டும். ஏறாதவனுக்குப் பதவியும் இல்லை, இந்த ஊரும் இல்லை. கேட்டதா, நொண்டி மந்திரி?" என்று சீறினான் ராஜா.

மாசிலாமணிக்கு விழுந்த இடம் வலிக்கவில்லை. பஞ்சத்தையும் எல்லைச் சண்டையையும் தீர்த்துவைத்த மனிதரை ஒரு சொல் வெறும் ஒரு காலாகச் சுருக்கிவிட்டதே, அதுதான் வலித்தது.

"உத்தரவு மகாராஜா. யாருக்கும் எந்தத் துணையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எனக்கே தரவேண்டும்."

'தன் குழியைத் தானே தோண்டுகிறான்' என்று தளவாய் மீசைக்குள் சிரித்தார்.

"தந்தோம்" என்றான் ராஜா.

மறுநாள் காலை ராஜாவின் பல்லக்கு வந்து இறங்கியது. சபையோர் அத்தனைபேரும் கீழேயே முழித்துக்கொண்டு நின்றார்கள். படிக்கட்டைக் காணோம்! தச்சர்கள் கழற்றி ஓரமாய்ச் சாய்த்திருந்தார்கள். தளவாய் மட்டும் மேடை விளிம்பைப் பற்றித் தொங்கி, காலை உதைத்து, பொத்தென்று விழுந்தார்.

"எவன் செய்த வேலை?" ராஜாவின் கை வாள்பிடிக்குப் போயிற்று.

"அடியேன்தான்." மாசிலாமணி முன்னால் வந்தார். "துணை கூடாதென்பது தங்கள் ஆணை. படி துணையல்லவா? நல்ல காலுள்ளவர்களும் ஆளுயரம் தாவமுடியாதென்றுதானே தச்சன் அதைச் செய்தான்? அவர்களுக்குச் செய்தால் அது படி. எனக்கு ஒன்று வேண்டியிருந்தால் மட்டும் குறையா?"

"எங்களோடு உன்னை ஒப்பிடுகிறாயா?" மண்ணைத் தட்டியபடி தளவாய் கத்தினார்.

"ஒப்பிட்டது நானில்லை தளவாயாரே, இந்த மேடை. ஆணைப்படி பார்த்தால் இன்று நாட்டில் மந்திரியும் இல்லை, தளவாயும் இல்லை..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

சொல்லாமல் விட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. ராஜா மேடையை அண்ணாந்து பார்த்தான். வாள்பிடியிலிருந்து கை மெல்ல இறங்கியது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"வாய்விட்டுச் சொல்லாமலே என் மகுடத்தைக் கழற்றிவிட்டீரே! ஆணை ரத்து. என்ன வேண்டும்? யானையா, கிராமமா?"

"படிக்குப் பக்கத்தில் சரிவாக ஒரு பாதை. அப்புறம் மகாராஜா... பெற்றவர்கள் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்."

ராஜாவின் தலை சற்றே தாழ்ந்தது. "அப்படியே ஆகட்டும், மாசிலாமணியாரே. பாதைக்கு மண் சுமக்க நம் தளவாய் இருக்கிறார்."

பாதை எழுந்தது. அதுவரை வாசலோடு திரும்பிப்போன தவழ்பவர்களும், பார்வையற்றவர்களும், நிறைமாதக்காரிகளும் அதன் வழியே சபைக்கு வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போகவில்லை. ராஜாவின் முகத்துக்கு நேரே நியாயம் கேட்டார்கள். படியிலும் பாதையிலும் ஆட்கள் நிறைந்திருக்க, எழுந்து போகவும் வழியில்லாமல், அவன் உட்கார்ந்து பதில் சொன்னான்.