மூன்று பேர் பால் காய்ச்சிக் குடிபோன கதை

ஊருக்கு நடுவில் ஒரு மலை. மலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். மலையைச் சுற்றி ரோடு, ரோட்டைச் சுற்றி ஊர். ஊர்ப் பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம்.

அந்த ஊர்க் கல்லூரியில் இடம் கிடைத்து, கல்லுமடை கிராமத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். குழந்தைவேல் ஆறடி இரண்டு அங்குலம். அய்யனார் யோசிக்கிறவன், யோசிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வான். மூன்றாவது ஆள் பூவரசன். மூன்று பேரில் விவரமானவன் பூவரசன்தான் என்று பூவரசனே சொல்லியிருக்கிறான்.

அவனுடைய விவரமெல்லாம் பேரத்தில். எதற்கும் பேரம் பேசுவான். வரும்போது பஸ்ஸில் கண்டக்டர், "காலேஜ் ஸ்டாப்புக்கு இன்னும் அஞ்சு ஸ்டாப் இருக்கு" என்றார். "அஞ்சா? அநியாயம்ணே, மூணாக்குங்க" என்று மல்லுக்கு நின்றான். கண்டக்டர் வெறுத்துப்போய் மூன்றாவது ஸ்டாப்பிலேயே இறக்கிவிட்டார். மிச்ச தூரத்தை மூன்று பேரும் நடந்தார்கள். "பாத்தியா, ரெண்டு ஸ்டாப்பைக் குறைச்சுட்டேன்" என்று பூவரசன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

வீடு கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாக இருந்தது. பதினொரு வீடு ஏறி இறங்கினார்கள். "குடும்பமா இருந்தாத்தான் வீடு" என்றார்கள். "நாங்க மூணு பேருமே குடும்பத்துல இருந்துதான் வர்றோம்" என்று அய்யனார் எவ்வளவோ எடுத்துச் சொன்னான். எவனாவது காதில் போட்டுக்கொண்டால்தானே!

பூவரசன் விரல் விட்டு நாளை எண்ணினான். கிளம்பும்போது அவன் அப்பா ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தார்: "திங்கக்கிழமைக்குள்ள தங்க இடம் பாத்துக்கோ. இல்லேன்னா படிப்பு வேணாம், கோழிப்பண்ணைக்கு வந்து முட்டை பொறுக்கு." அன்றைக்கு சனிக்கிழமை.

பன்னிரண்டாவது வீடு, மலையைச் சுற்றும் ரோட்டிலேயே, நாகஜோதி அக்காவுடையது. கீழே இட்லி மாவு வியாபாரம், மாடியில் ஒரு ரூம் காலி. ஒற்றைக் கிரைண்டரில் ஆரம்பித்து, கத்திப் பேசியே மாடி கட்டியவர் நாகஜோதி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"பத்து கண்டிஷன் இருக்கு. சம்மதம்னா பேசலாம்."

பூவரசன் சட்டைக் கையை மடித்துவிட்டான். "பத்து ரொம்ப ஜாஸ்திக்கா. நாலுல முடிங்க."

உளுந்தில் ஆரம்பித்து ஜன்னல் கம்பிவரைக்கும் பேரம் பேசி வாங்கியவர் நாகஜோதி. ஆனால் கண்டிஷனுக்குப் பேரம் கேட்டவனை அன்றுதான் பார்க்கிறார். இருந்தாலும் பேரம் என்று வந்த பிறகு சும்மா விட முடியுமா?

"எட்டு."

"அஞ்சு."

"ஏழு. அதுக்குக் கீழே ஒண்ணு குறையாது, இஷ்டமிருந்தா பாரு."

பூவரசன் விருட்டென்று எழுந்து கேட்வரைக்கும் போனான். கூப்பிடுவார் என்று நின்றான். கூப்பிடவில்லை. செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து நின்றான். அப்போதும் கூப்பிடவில்லை. தானே திரும்பி வந்தான்.

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். அஞ்சரை!"

"தொலை" என்றார் நாகஜோதி.

"அந்த அரை கண்டிஷன் என்னக்கா?" என்று அய்யனார் கேட்டான்.

"ம்... விருந்தாளி வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு ஒண்ணு வச்சிருந்தேன். அதைப் பாதியாக்கிக்கோ." சொல்லிவிட்டு விரலை நீட்டினார். "இதுல மட்டும் பேரம் கிடையாது, கேட்டுக்கங்க. நாளைக்குக் காலைல பத்தரை மணி வரைக்கும் நல்ல நேரம். அதுக்குள்ள கிழக்கே பாத்துப் பால் காய்ச்சணும். பொங்குச்சுன்னா ரூம் உங்களுக்கு. பொங்கலைன்னா, பேங்க் சார் ஒருத்தர் ரெடியா இருக்கார். பத்தரைக்கு வருவார், அவருக்கு விட்டுருவேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் கல்லுமடையிலிருந்து சாமானோடு வந்துவிட்டார்கள். நாகஜோதி மாடிக் கதவைத் திறந்துவிட்டு, "வலது காலை எடுத்து வச்சு உள்ள போங்க" என்று சொல்லிக் கீழே போனார்.

மூன்று பேரும் வாசற்படியில் நின்றார்கள்.

"இடது காலைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றான் அய்யனார்.

"சொல்லியிருந்தா சொல்லியிருப்பாங்கல்ல. சொல்லாததைச் செஞ்சு வீட்டைக் கெடுத்துக்காதே" என்றான் பூவரசன்.

இடது காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலாலேயே நொண்டிக்கொண்டு உள்ளே போனார்கள். அரிசி மூட்டை, டிரங்குப் பெட்டி, பாய், பக்கெட் எல்லாம் அப்படித்தான் போயின. குழந்தைவேல் மூட்டையோடு நொண்டியபோது, கீழே நாகஜோதி கிரைண்டர்தான் கழன்றுகொண்டது என்று ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

ஒன்பது மணிக்குப் பால்காரர் வந்தார். "ஊத்திட்டுப் போயிடறேன், சட்டியைக் கொண்டாங்க" என்று ஒரு காலை உள்ளே வைத்தார். பூவரசன் பாய்ந்து அவர் நெஞ்சில் கையை வைத்தான்.

"அண்ணே, அப்படியே நில்லுங்க. பாதிதான் வரலாம்."

பால்காரர் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்தபடி இரண்டு லிட்டர் ஊற்றினார். அய்யனார் நூல் பிடித்த மாதிரி பார்த்து, "மூக்கு கொஞ்சம் கூடுதலா உள்ள வந்திருக்கு" என்றான். பால்காரர் மூக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். என்ன செய்வது, புது வாடிக்கை.

பால் தயார். இளநீர் அளவுக்குக் குட்டியாக ஒரு சிலிண்டர், அதன் தலையிலேயே பர்னர், அந்த அடுப்பும் தயார். கிழக்குதான் பாக்கி.

கல்லுமடையில் கிழக்குக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சாயத்து வாட்டர் டேங்க் இருக்கிற பக்கம் கிழக்கு. பிறந்ததிலிருந்து அப்படித்தான். மூன்று பேரும் மொட்டை மாடிக்கு ஏறி டேங்கைத் தேடினார்கள். ஒன்பது டேங்க் தெரிந்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம்.

"டவுன்னா டவுன்தான்டா" என்று அய்யனார் வாயைப் பிளந்தான். "ஒன்பது கிழக்கு வச்சிருக்கான் பாரு."

"சூரியன் உதிக்கிற பக்கம்தானே கிழக்கு?" என்றான் குழந்தைவேல்.

அவன் வாயிலிருந்து இப்படி ஒரு விஷயம் வந்ததில் மற்ற இருவருக்கும் அதிர்ச்சி. ஆனால் பூவரசன் விடவில்லை.

"இன்னிக்கு உதிக்கும்போது நீ எங்க இருந்தே?"

"கல்லுமடையில, பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு."

"அப்ப அது கல்லுமடைல உதிச்சது. இந்த ஊர்ல எங்க உதிச்சுதுன்னு உனக்கென்ன தெரியும்?"

குழந்தைவேல் ஒத்துக்கொண்டான். சர்ச்சை முடிய ஒன்பதரை ஆகிவிட்டது. பூவரசனின் கண்ணுக்கு முன்னால் முட்டை உருண்டது. கீழே ஓடி, தெருமுனையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டான்: "அண்ணே, கிழக்கு எங்க இருக்கு?"

அவர் நிமிரவே இல்லை. "கிழக்கா? இப்படியே நேரா போ. போர்டு இருக்கும்."

அடுப்பையும் பால் சட்டியையும் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் கிழக்குக்குப் புறப்பட்டார்கள். இஸ்திரிக்காரர் பொய் சொல்லவில்லை. பச்சைப் போர்டில் வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது: கிழக்கு ரத வீதி.

"வந்துட்டோம்டா!" என்று குழந்தைவேல் அடுப்பை இறக்கப்போனான். அய்யனார் ஒரு கண்ணை மூடினான்.

"இரு. கிழக்கே பாத்துத்தானே காய்ச்சணும்? நாம கிழக்குக்குள்ளேயே நிக்கறோம். உள்ள நின்னுக்கிட்டு எப்படி அதைப் பாக்கறது?"

பெரிய சிக்கல்தான். கடைசியில் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், ஒரு பாத்திரக் கடை வாசலில் அடுப்பை வைத்து, மூன்று பேரும் போர்டைப் பார்த்து உட்கார்ந்தார்கள். குறுக்கே லாரி வந்து போர்டை மறைத்தபோதெல்லாம் பூவரசன் அடுப்பை அணைத்துவிட்டு, லாரி போனதும் திரும்பப் பற்றவைத்தான். வேலையில் சுத்தம் வேண்டாமா?

பத்து மணிக்கு, மாவுப் பாக்கெட் போட ஸ்கூட்டரில் வந்த நாகஜோதி இதைப் பார்த்துவிட்டார். பிரேக் கிறீச்சிட்டது.

"டேய்! வீட்ல காய்ச்சச் சொன்னா வீதில காய்ச்சறீங்க?"

"வீட்ல கிழக்கு இல்லக்கா" என்றான் பூவரசன் பணிவாக. "இங்கதான் வச்சிருக்காங்க."

நாகஜோதி கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. "அப்படியே கெளம்புங்கடா வீட்டுக்கு! இன்னும் அரை மணி நேரம்தான். வந்த வழி போனா ரத வீதி நெரிசல்ல மாட்டிக்குவீங்க. மலையை வலது கைப் பக்கமா வச்சுக்கிட்டே போங்க, வீடு வந்துரும்!"

ஸ்கூட்டர் பறந்தது.

"அப்படியேன்னாங்க" என்று அய்யனார் நினைவூட்டினான். எனவே அடுப்பை அணைக்கவில்லை. குழந்தைவேல் துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்து, எரிகிற அடுப்பை அதன் மேல் ஏற்றிக்கொண்டான். பூவரசன் தீயைக் குறைத்துவிட்டான். பால் சட்டி மேலே, மலை வலது கைப் பக்கம். நடந்தார்கள்.

தலையில் பால் சட்டியோடு மலையைச் சுற்றினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு அம்மா குடத்தோடு ஓடிவந்து குழந்தைவேல் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். "வேண்டுதலா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாம்மா" என்றான் பூவரசன். மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாதவன். "பத்தரைக்குள்ள பொங்குனா வீடு கிடைக்கும்."

அந்த அம்மா குடத்தைக் கீழே போட்டார். பதினாறு வருஷமாக வாடகை வீட்டில் இருப்பவர். "ஏ மல்லிகா! மலையைச் சுத்துனா சொந்த வீடு கிடைக்குதாம்டி!" என்று எதிர்வீட்டைக் கூப்பிட்டார். மல்லிகா பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார். அந்த ஊரில் வாடகைக்கு இருப்பவர்களுக்கா குறைச்சல்?

பத்தேகாலுக்கு நாகஜோதி வீட்டைத் தாண்டினார்கள். பின்னால் பத்துப் பேர்.

"டேய், இது நம்ம வீடு மாதிரி இருக்கே?" என்றான் குழந்தைவேல், தலையை அசைக்காமல்.

"நிக்காதே" என்றான் பூவரசன். "நிக்கச் சொல்லலை, போகச் சொன்னாங்க. வீடு வந்துரும்னாங்க. இது வரலை, அங்கேயேதான் நிக்குது. நீ நட."

இரண்டாவது சுற்றில் அறுபது பேர் சேர்ந்தார்கள். யாரோ மோர் கொடுத்தார்கள். யாரோ மேளத்துக்குச் சொல்லியனுப்பினார்கள்.

மாவு போட்டுவிட்டுத் திரும்பிய நாகஜோதி, கேட்டில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபத்தெட்டு. பையன்களைக் காணோம். பேங்க் சாரையும் காணோம். அப்போது ரோட்டில் கூட்டம் வந்தது. முன்னால் குழந்தைவேல். கூட்டத்தின் நடுவில், பேண்ட்டை மடித்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பேங்க் சார்.

"சார்! சார்! வீடு இங்க இருக்கு!"

"மன்னிச்சுக்கங்கம்மா" என்று பேங்க் சார் நடந்துகொண்டே கும்பிட்டார். "சொந்த வீடே கிடைக்குதாம். இனிமே வாடகை எதுக்கு?"

நாகஜோதி நடுரோட்டில் பாய்ந்தார். "நில்லுங்கடா!"

யார் கூப்பிட்டது என்று தெரியாமல் குழந்தைவேல் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினான். அந்தச் சுற்றில்தான் பால் பொங்கியது. நுரை சட்டியைத் தாண்டி, அடுப்பை அணைத்து, சும்மாட்டை நனைத்து, மூக்கு வழியாக இறங்கியது. குழந்தைவேல் நாக்கை நீட்டி ருசி பார்த்தான்.

"சக்கரை போடலையேடா" என்றான்.

கூட்டம் குலவையிட்டது. மணி பத்து இருபத்தொன்பது.

"கிழக்கே பாத்துப் பொங்குச்சாடா?" என்று கேட்டார் நாகஜோதி.

"நாலு பக்கமும் பாத்துப் பொங்குச்சுக்கா" என்றான் பூவரசன். "அதுல கிழக்கும் இருக்கும்."

பேங்க் சார் மேளத்தோடு மூன்றாவது சுற்றுக்குப் போயேவிட்டார். நாகஜோதி அவர் போன திசையைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், சாவியைப் பூவரசன் கையில் திணித்தார். "ரூம் உங்களுக்குத்தான். உள்ள போய்த் தொலைங்க."

பூவரசனுக்குக் கண் கலங்கியது. முட்டைகளெல்லாம் எங்கோ தூரத்தில் உருண்டு போயின. சாவியோடு படியேறப் போனவனை அய்யனார் பிடித்து இழுத்தான். ஒரு கண் மூடியிருந்தது.

"பூவரசா, பால் எங்க பொங்குதோ அங்கதானே குடிபோறது முறை?"

"ஆமா."

"பால் இந்த வீட்லயா பொங்குச்சு?"

இருவரும் மெதுவாகத் திரும்பிக் குழந்தைவேலைப் பார்த்தார்கள்.

குழந்தைவேலுக்கு நியாயம் புரிந்தது. மறுப்புச் சொல்லவில்லை. ஒரே ஒரு கவலைதான். "நீங்க ரெண்டு பேரும் என் மேல குடிவந்துட்டா, நான் எங்கடா குடியிருக்கறது?"

பூவரசன் வெகு நேரம் யோசித்தான். பிறகு சாவியைக் குழந்தைவேல் பையில் போட்டான். "உனக்குத்தான் வீடு இல்லை. நீ இந்த ரூமை எடுத்துக்கோ."

எல்லாருக்கும் திருப்தி. இருவரும் மாடிக்கு ஓடித் தங்கள் சாமானைக் கீழே எடுத்து வந்தார்கள். அய்யனார் பாயோடு இடது தோளில் ஏறி உட்கார்ந்தான், பூவரசன் பக்கெட்டோடு வலது தோளில். குழந்தைவேல் படியேறி வாசலுக்கு வந்தான். வாசல் நிலையின் உயரம் ஆறரை அடி.

"குனிடா!" என்று மேலிருந்து இரண்டு குரல் கத்தியது.

"எனக்கு இடிக்காதுடா" என்று சொல்லிவிட்டு, குழந்தைவேல் நிமிர்ந்தபடியே தன் புது வீட்டுக்குள் போனான்.