யாரும் இல்லாத பக்கம்

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டயர்க்கடை மாடியில் ஒரு கேம் சென்டர். அதை நடத்துகிறவள் பெனிட்டா. வயது இருபத்தாறுதான். ஆனால் அங்கே விளையாட வருகிற எல்லாருக்கும் அவள் ஆசான். குமரிப் பக்கம் களரி சொல்லித் தருகிறவரை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே இவளையும் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். வயதில் மூத்தவர்களுக்கும் வேறு பேச்சு கிடையாது.

ஜெபசிங் அவளைவிட எட்டு வயது மூத்தவன். ஸ்கேன் சென்டரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு மாடியேறிவிடுவான். "கழுத வயசாச்சு, இன்னும் பேய் வெளையாட்டு!" என்று வீட்டில் தலையிலடித்துக்கொள்வார்கள். அவன் காதில் அது ஏறினால்தானே!

அந்த ஞாயிறு அவன் முகம் சரியில்லை.

"ஆசானே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"பேய் என்னைப் பிடிச்சதே கெடையாது. ‘சிக்காத வீரர்’ மெடலு வருசா வருசம் எனக்குத்தான். பின்ன ஏன் ஒவ்வொரு ஃபைனல்லயும் நாங்க தோக்குறோம்?"

விளையாட்டின் பெயர் இருட்டு பங்களா. நாலு பேர் ஒரு கட்சி, ஒரே ஒரு பேய் எதிர்க்கட்சி. பங்களாவில் அங்கங்கே அஞ்சு விளக்கு அணைந்து கிடக்கும். ஒரு விளக்கை ஏற்ற வேண்டுமென்றால் அதன் பக்கத்திலேயே ஆடாமல் அசையாமல் நிற்கணும். அஞ்சும் எரிந்தால் வாசல் திறக்கும். நாலில் மூணு பேர் வெளியே போய்விட்டால் கட்சிக்கு வெற்றி. பேய் பிடித்தால் தூணில் கட்டிவிடும். கூட்டாளி வந்து அவிழ்த்தால் உண்டு, இல்லையென்றால் அவன் கதை முடிந்தது.

"அடுத்த ஞாயிறு ஃபைனல், ஆசானே. இதுலயும் தோத்தா என் எடத்துல வேற ஆளைப் போடப்போறாவளாம். எங்க கட்சி ஷாகுல் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான். ‘நீங்க மட்டும் தப்பிச்சிருவீங்க, நாங்க மூணு பேரும் தூண்ல தொங்கணும்’னு சொல்லுதான். நான் என்ன பாவம் செஞ்சேன்?"

இந்தக் கட்சியை விட்டால் அவனுக்கு வேறு கூட்டாளிகள் கிடையாது.

பெனிட்டா எழுந்து தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். அது பேய் விளையாடுகிறவர் உட்காரும் நாற்காலி.

"உக்காருங்க."

"நான் பேயா? எனக்கு அது வராது ஆசானே."

"உக்காருங்கண்ணே."

அவன் கட்சிக்காரர்கள் ஷாகுல், இசக்கி, மெர்சி மூவரும் அவரவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். நாலாவதாக, ஜெபசிங்கின் இடத்தில், ஆசான் உட்கார்ந்தாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. ஜெபசிங் பேயாகப் பங்களா முழுக்கச் சுற்றினான். மாடி, கூடம், தோட்டம். ஈ காக்கா இல்லை. அதற்குள் ஒரு விளக்கு எரிந்துவிட்டது. இன்னொன்றும் எரிந்தது. அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. இத்தனை பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக யாரைத் தேடுவது?

திடீரென்று ஆசான் கண்ணெதிரே வந்து ஓடினாள். விடுவானா? பின்னாலேயே பாய்ந்தான். அவள் சமையலறைக்குள் புகுந்தாள். அங்கே இசக்கி விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தான். மாட்டினான்! அவனைக் கட்டிப்போட்டுத் திரும்பினால் ஆசான் மாடிப்படியில் ஓடுகிறாள். துரத்தினான். மேலே மெர்சி. அவளும் மாட்டினாள். ஆசான் ஜன்னல் வழியே குதித்தாள். குதித்த இடத்தில் ஷாகுல் இருந்தான்.

"ஆசானே! மூணு பேரையும் பிடிச்சிட்டேன்!" ஜெபசிங் நாற்காலியிலேயே துள்ளினான்.

"எப்படித் தேடுனீங்க?"

"எங்க தேடுனேன்? ஒங்க பின்னாலயே வந்தேன், ஒவ்வொருத்தரா..."

பாதியில் நிறுத்தினான்.

"நான் ஒங்கள மாதிரிதான் ஓடுனேன்," என்றாள் பெனிட்டா.

"அட சவமே! இதானா சங்கதி!" என்று இசக்கி கையைத் தட்டினான். ஷாகுல் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஜெபசிங்கையே பார்த்தான்.

ஜெபசிங்குக்கு முகம் செத்துப்போயிற்று. "நான் வேணும்னு செய்யல ஆசானே."

"தெரியும்."

"பின்னால அது வருதுன்னா நெஞ்சு படபடன்னு அடிக்கும். நம்ம ஆளுங்க இருக்க பக்கம் கால் தன்னால போயிரும்."

"ம்."

"அப்ப எந்தப் பக்கம் ஓட?"

"யாரும் இல்லாத பக்கம்."

"அங்க மாட்டுனா?"

பெனிட்டா டீ கிளாசைக் கழுவப் போய்விட்டாள்.

ஃபைனல் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமக்கள் உட்காருகிற சிம்மாசன நாற்காலியில் தூத்துக்குடிப் பேய் உட்கார்ந்திருந்தான். பெயர் அமலன். கண்ணாடி போட்ட, சாதுவான பையன். ஆனால் அவன் கையில் சிக்கிப் பிழைத்த கட்சி அதுவரை ஒன்றுமில்லை. கீழே நாலு கம்ப்யூட்டர், சுற்றிலும் கூட்டம், மேலே பெரிய திரை. வாசல் பக்கம் ஆசான் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பேய் வந்த வேகத்தில் ஜெபசிங்கைப் பார்த்துவிட்டது.

அவன் கால் சமையலறைப் பக்கம் திரும்பியது. அங்கே மெர்சி இருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் திருப்பினான். அங்கே விளக்கும் இல்லை, ஆளும் இல்லை, ஒளிய ஒரு மூலையும் இல்லை. பாழடைந்த தொழுவம் ஒன்றுதான்.

ஓட்டமென்றால் ஓட்டம், அப்படி ஓடினான். பேய் பின்தங்கியது. ஒரு கணம் நின்றது. பிறகு, 'போடா' என்கிற மாதிரி, திரும்பிச் சமையலறையைப் பார்த்து நடந்தது.

ஐயோ! இத்தனை வேகமும் வீணா? ஜெபசிங் ஓடிவந்து கிணற்றடியில் கிடந்த குடத்தை எட்டி உதைத்தான். டணங்கென்று பங்களாவே அதிர்ந்தது. பேய் தலையைத் திருப்பியது.

"எங்க போற? இங்க வா!"

மண்டபம் ஓவென்று கத்தியது.

இந்த முறை அவன் மெதுவாக ஓடினான். பிடித்துவிடலாம் என்று பேய்க்கு ஆசை வருகிற தூரத்திலேயே ஓடினான். கிணற்றைச் சுற்றினான், தொழுவத்தைச் சுற்றினான். ஒரு தடவை பேயின் நகம் அவன் தோளில் உரசியது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. காதில் ஷாகுலின் குரல் கேட்டது.

"ரெண்டு எரிஞ்சாச்சு!"

"போடு, போடு!"

"மூணு! அண்ணே, மூணு!"

ஜெபசிங்குக்குச் சிரிப்பு வந்தது. பயம் இருக்கிறதா என்றால் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. நாலாவது விளக்கு எரிந்த சத்தம் கேட்ட அதே நொடியில் பேய் அவனைப் பிடித்துவிட்டது.

வாழ்க்கையில் முதல் தடவையாக, தொழுவத்துத் தூணில் தொங்கினான்.

"நான் வந்து அவுத்து விடுதேன்!" இசக்கி கத்தினான்.

"வராத லே! வெளக்கப் பாரு!"

"அண்ணே, செத்துருவிய!"

"ஏ, வராதன்னா வராத!"

பேய் அங்கேயே நின்றது. கட்டுண்டவனைத் தேடி எப்படியும் கூட்டாளிகள் வருவார்கள், வந்தால் அள்ளிவிடலாம் என்று அமலனுக்குத் தெரியும். எல்லாக் கட்சியும் அப்படி வந்துதான் அவனிடம் தோற்றிருக்கிறது. அவன் காத்திருந்தான். தூணும் பேயும் ஜெபசிங்கும் தவிரக் கிணற்றடியில் யாருமில்லை. யாரும் வரவுமில்லை. அமலன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டான். ஏதோ சரியில்லை என்று அவனுக்கு உறைத்தபோது அஞ்சாவது விளக்கு எரிந்தது.

வாசல் திறந்தது. பேய் பாய்ந்தது. கிணற்றடியிலிருந்து வாசல் எத்தனை தூரம்! மெர்சி வெளியே. இசக்கி வெளியே. ஷாகுல் படியில் தடுமாறி, எழுந்து, வெளியே!

மண்டபம் இடிந்து விழாத குறைதான். ஷாகுல் நாற்காலி மேல் ஏறித் தாண்டி வந்து ஜெபசிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "ஒங்க எடத்துல எவனையும் போட மாட்டேன் அண்ணே," என்று காதுக்குள் சொன்னான். சொல்லும்போது அழுதுவிட்டான்.

கோப்பையைக் கொடுத்து முடித்ததும், வழக்கம்போல அந்த மெடலுக்குப் பெயர் கூப்பிட்டார்கள். சிக்காத மூணு பேரில் அதிகமாக விளக்கு ஏற்றியவர் ஷாகுல். எப்போதும் முதலில் தூணில் தொங்குகிறவன், மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேடையில் மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

ஜெபசிங் கை வலிக்கத் தட்டினான். தட்டிக்கொண்டே வாசல் பக்கம் ஆசானிடம் வந்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கூத்தைப் பாத்தீங்களா ஆசானே? சிக்காத வீரராம்! அவன் இன்னைக்குப் பேயைக் கண்ணால கூடப் பாக்கல!"

பெனிட்டா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்ணே பாக்கல?"

"அது என் பின்னாலயே..." என்று ஆரம்பித்தான் ஜெபசிங். தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.