பெரட்டு உபதேசியார்

கிருபைவிளைக் கோவிலில் விளக்குக் கண்ணாடி துடைப்பவர், பாய் விரிப்பவர், மணி அடிப்பவர், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுபவர் ஆகிய நால்வரும் ஒருவரே. அவர் பெயர் ஞானாபரணம். தேரிமணல் ஓரத்தில் இருந்த அந்தச் சபையில் அவருடைய வேலைக்குக் கோயில்குட்டி என்று பெயர். அந்த வேலை செய்பவரை ஊரில் யாரும் ஏவலாம். பால்குடி மறந்த பிள்ளைகூட ஏவும். அவர் முகம் சுளித்ததில்லை. விடியுமுன் மணிக்கயிற்றைப் பிடித்து, "ஆண்டவரே, நான் கூப்பிடுகிறேன், நீர் கூட்டிக்கொண்டு வாரும்" என்று சொல்லிவிட்டுத்தான் இழுப்பார். முதல் மணிக்குச் சனங்கள் எழுந்து முகம் கழுவுவார்கள். இரண்டாம் மணிக்குக் கோவிலில் இருப்பார்கள். கயிற்றை விட்டதும் ஓடிப்போய்க் கடைசிப் பாயில் முழங்கால் படியிடுவது அவர் வழக்கம்.

அந்நாளில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்களில் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருந்தன. புக்கிட் செராய் என்ற தோட்டத்துக் கிறிஸ்தவர்கள், தங்களுக்கு ஜெபம் நடத்தவும் வேதம் வாசிக்கவும் ஓர் உபதேசியார் வேண்டுமென்று ஊருக்குச் சொல்லி அனுப்பினார்கள். படித்துத் தேறிய உபதேசிமார் எல்லாருக்கும் அந்த நேரம் பார்த்து ஒரு தடை வந்தது. ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு மகள் கல்யாணம். ஒருவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதாம். அவர் மணப்பாட்டுக் கரையில் நின்று கடலைப் பார்த்ததோடு சரி. சபைக் கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்த ஞானாபரணம் வாய் திறந்தார்.

"ஆளு கெடைக்கலன்னா நான் போறேன்யா."

கூட்டம் சிரித்தது. ஆனால் சிரித்தவர்களில் ஒருவரும் "நான் போகிறேன்" என்று சொல்லவில்லை. கடைசியில் அவரையே அனுப்புவதென்று முடிவாயிற்று. ஒரு வருஷம் பார்ப்பது. சபை கூடினால் இருக்கட்டும், கூடாவிட்டால் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டு அந்த ஊழியத்தையே மூடிவிடுவது என்று பேசிக்கொண்டார்கள். அவருடைய மனைவி கிறிஸ்துவடியாள் மறுபேச்சுப் பேசவில்லை. உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துப் போடும் பானை ஒன்று அந்த அம்மாளிடம் இருந்தது. அதைக் கப்பலில் உடையாமல் கொண்டுபோக முடியுமா என்று மட்டும் கேட்டார். கடல் தாண்டும்வரை அந்தப் பானை அவர் மடியிலேயே இருந்தது.

அவர்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை. அந்த வாரம் முழுவதும் பேய்மழை. மழை பெய்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்களில் எல்லார் முகமும் தொங்கிப்போயிருந்தது. ஆனாலும் கிறிஸ்தவக் குடும்பத்தார் வந்து கும்பிட்டு, ஆராதனைக்கென்று ஒழித்துவைத்திருந்த, முன்பு ரப்பர் உலர்த்திய பழைய புகைக்கொட்டகையைக் காட்டினார்கள். காலையில் தாங்களே வந்துவிடுவதாகவும் சொன்னார்கள்.

ஞானாபரணருக்கு அது நெஞ்சில் இறங்கவில்லை. மணி இல்லாமல் ஓர் ஆராதனையா? அப்போது அவர் கண்ணில் பட்டது அது. லயங்களுக்கு நடுவே இருந்த திடலில், மரக்கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. பக்கத்திலேயே சுத்தியல். தமக்காகவே ஆண்டவர் கட்டிவைத்திருக்கிறார் என்று அவர் மனம் குளிர்ந்துபோனது.

மறுநாள் விடியுமுன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வழக்கமான ஜெபத்தைச் சொல்லிவிட்டு, அந்த இரும்பை ஓங்கி ஓங்கி அடித்தார். கிருபைவிளைக்கே கேட்கும்படி அடித்தார்.

தோட்டத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். பெரட்டு. அதாவது, ஆட்களெல்லாம் திடலில் வரிசையாக நின்று பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகவேண்டும். மழையில் போன வேலையை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமையும் துரை பெரட்டுப் போட்டுவிட்டார் என்று சனங்கள் நினைத்துவிட்டார்கள். பெண்கள் தூங்குகிற பிள்ளைகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளை பார்க்கும் ஆயாக்கொட்டகைக்கு ஓடினார்கள். ஆண்கள் உளியும் வாளியுமாகச் சேற்றில் ஓடி வந்தார்கள். அரை இருட்டில் வரிசை கட்டி நின்று பார்த்தால், துரையும் இல்லை, கணக்கெழுதும் கிராணியும் இல்லை. குள்ளமாக ஒரு மனிதர் பாட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு, இத்தனை பேரா என்று வாயெல்லாம் பல்லாக நிற்கிறார்.

விஷயம் தெரிந்ததும் சிலர் சிரித்தார்கள், பலர் வைதார்கள். பெரிய கங்காணி சங்கிலிமுத்து, ஆட்களை மேய்த்து மேய்த்துக் குரல் தடித்த மனிதர், முன்னால் வந்தார்.

"ஏழு நாள்ல ஒரு நாள்தான்யா இதுங்க தூங்குது. அதையும் கெடுத்துட்டியே. இனிமே இந்த இரும்புல கை வெச்ச, நானே உன்னைக் கப்பல் ஏத்திருவேன்."

ஞானாபரணர் சனங்களைப் பார்த்தார். ஒரு தாய் அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே கண் சொக்கிக்கொண்டிருந்தாள். தாம் ஆயுள் முழுதும் நேசித்த சத்தம் இவர்களுக்குத் தூக்கத்தைப் பறிக்கிற சத்தம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவமானத்தைவிட அதுதான் அவரைச் சுட்டது. "தெரியாமச் செஞ்சிட்டேன். இனி அதத் தொடமாட்டேன்யா" என்று எல்லாரையும் கைகூப்பி வணங்கினார். அன்று கிறிஸ்தவர்களும் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கொட்டகையில் புருஷனும் மனைவியும் மட்டும் பாடி முடித்தார்கள். மாலைக்குள் தோட்டம் முழுக்க அவருக்குப் பெயரிட்டாயிற்று: பெரட்டு உபதேசியார்.

மணியில்லாத கோயில்குட்டி என்ன செய்வார்? நடந்தார். அடுத்த ஞாயிறு நன்றாக விடிந்தபிறகு, அடுப்புப் புகை எழுந்த வீடுகளாகப் பார்த்து, வாசலில் நின்று, "நேரமாச்சும்மா, மெதுவா வாங்க" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு நகர்ந்தார். கதவு திறக்காத வீட்டைத் தட்டமாட்டார். தூங்கட்டும் என்று போய்விடுவார். முதலில் ஒரு கிழவர் வந்தார், பிறகு வெள்ளையம்மா என்ற கைம்பெண் வந்தாள். கிறிஸ்தவர்களின் வீட்டுக்குப் போகிற வழியில் மற்றவர்களின் வாசலும் உண்டல்லவா? அங்கே நோயாளியைக் கண்டால் நலம் கேட்பார். கிறிஸ்துவடியாளின் பானையில் சேரும் அரிசி எந்த வீட்டில் காய்ச்சலோ அந்த வீட்டுக்குக் கஞ்சியாகப் போயிற்று. என்ன சாமி கும்பிடுகிறீர்கள் என்று அந்த அம்மாள் ஒருநாளும் விசாரிக்கவில்லை. ஆனாலும் மாதங்கள் ஓடியும் கொட்டகை பாதிகூட நிறையவில்லை. பிள்ளைகள் அவரைக் கண்டால் தகரத்தைத் தட்டிவிட்டு ஓடினார்கள். அவர் சிரித்துக்கொண்டே, தாளம் தப்புகிறது என்று திருத்துவார்.

பெருமழைக் காலத்தில் கொள்ளைக்காய்ச்சல் வந்தது. சங்கிலிமுத்துவின் மனைவி அதில் விழுந்தவள் எழுந்திருக்காமலே இறந்துபோனாள். குழி வெட்டுகிறவர்களே காய்ச்சலில் கிடந்தார்கள். ஊரை மேய்த்த கங்காணி, வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு ஆளுக்குத் தவித்தார். அந்த மழையில் யாரும் கூப்பிடாமலே ஒருவர் மண்வெட்டியோடு மயானக்கரைக்குப் போயிருந்தார். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. பால் வாளியால் இறைத்து இறைத்து, மரவேர்களை அறுத்து, தம் சொந்த ஊரில் யாருக்கு வெட்டினாலும் எப்படி வெட்டுவாரோ அப்படியே சுவர் சீராகக் குழியை முடித்தார் ஞானாபரணர். சடலம் வந்ததும் ஏறி வந்து தூரத்து மரத்தடியில் நின்றுகொண்டார். அவர்கள் தங்கள் முறைப்படி எல்லாம் செய்து முடிக்கும்வரை தலைகுனிந்தே நின்றார். பிறகு வந்து மண் தள்ளினார்.

எல்லாரும் போனபின் சங்கிலிமுத்து அவரிடம் வந்தார். "உன்னை யாரு வரச் சொன்னா?" என்று கேட்டார். குரலில் பழைய தடிப்பு இல்லை.

"ஊர்ல மணியடிக்கதும் நான்தான், குழி வெட்டுததும் நான்தான்யா. மணிதான் வேண்டாம்னுட்டிய. மம்பட்டிய வேண்டாங்கலியே."

கங்காணி அழுதார். மனைவி செத்ததிலிருந்து அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. ஞானாபரணர் சேற்றுக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பின் சில மாலைகளில் சங்கிலிமுத்து வெற்றிலைப் பையோடு உபதேசியார் வீட்டு வாசலில் வந்து உட்கார்வதுண்டு. வேதப்பேச்சு ஒன்றும் நடக்காது. ஊர்ப்பேச்சுத்தான். ஒருநாள், உங்கள் ஊரில் அந்த மணியை எப்படித்தான் அடிப்பீர்கள் என்று அவர் கேட்டார். முதல் மணி நிதானமாக, எழுந்திருங்கள் என்பதுபோல. பிறகு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம் விட்டு, இரண்டாம் மணி நெருக்கமாக, வாருங்கள் என்பதுபோல என்று ஞானாபரணர் தொடையில் தட்டிக் காட்டினார். கங்காணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

வருஷம் திரும்பியது. ஊழியம் தொடர்வதா மூடுவதா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய, பினாங்கிலிருந்து குருவானவர் சற்குணர் ஒரு சனிக்கிழமை வந்து கிராணியார் வீட்டில் தங்கினார். அன்று மாலையே ஞானாபரணருக்குக் காய்ச்சல் கண்டது. ஞாயிறு காலையில் எழுந்து நிற்கப் பார்த்தார்; கால் துவண்டது. கிறிஸ்துவடியாள் பிடித்துப் படுக்கவைத்தார். தாமே வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவரலாமென்றால், உடம்பு தூக்கிப்போடுகிறவரை விட்டு எப்படிப் போவது?

"இன்னைக்கு யாரு போயிக் கூப்பிடுவா? பினாங்குல இருந்து வந்த அய்யர் வெறுங்கொட்டகையப் பாத்திட்டு மூடிருவாருட்டீ. இதுக எடையனில்லாத ஆடாப் போயிருமே" என்று ஞானாபரணர் தேம்பினார். ஊரார் சிரித்தபோது அழாதவர், கங்காணி வைதபோது அழாதவர், அன்று அழுதார்.

அந்த நேரத்தில் திடலில் இரும்பு ஒலித்தது.

அவர் திடுக்கிட்டுத் தலைதூக்கினார். "ஞாயித்துக்கெழமயில பெரட்டா? பாவம் சனங்க, இன்னைக்கும் தூங்கவிடலியா" என்றார். தம் கவலை மறந்துபோனது. ஆனால் சத்தம் விரட்டுகிற சத்தமாக இல்லை. நிதானமாக, எழுந்திருங்கள் என்பதுபோல ஒலித்து நின்றது. வெற்றிலை மெல்லுகிற நேரம் கழிந்தது. பிறகு நெருக்கமாக, வாருங்கள், வாருங்கள் என்று ஒலித்தது. உலகத்தில் அந்த அடியை அடிக்கத் தெரிந்தவர் ஒருவர் கட்டிலில் கிடந்தார். மற்றவர் யாரென்று அவருக்குத் தெரியும்.

கிறிஸ்துவடியாள் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். வாளி இல்லை, உளி இல்லை. தலைவாரி, துவைத்த துணி உடுத்தி, கிறிஸ்தவர்கள் ஒரு வீடு மிச்சமில்லாமல் வந்துகொண்டிருந்தார்கள். பின்னால், கஞ்சி குடித்துப் பிழைத்தவர்களும், தங்கள் வீட்டுச் சாவுக்கு அவர் கையால் குழி வெட்டி வாங்கியவர்களும், நெற்றி நிறையத் திருநீறோடு வந்து கொட்டகைக்கு வெளியே நின்றார்கள்.

கொட்டகையில் தனியே உட்கார்ந்திருந்த குருவானவர் எழுந்தே விட்டார். சங்கிலிமுத்து சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே அவரிடம் வந்து சொன்னார்:

"உபதேசியாரு காய்ச்சல்ல கெடக்காருங்க. நேத்து ராத்திரியே தெரிஞ்சு, காலையில இரும்பு அடிச்சா அது பெரட்டு இல்லன்னு வீடு வீடாச் சொல்லி வெச்சேன். வாரா வாரம் வாசல் வாசலா வந்து அவரு எங்களைக் கூப்புட்டாரு. இன்னைக்கு அவருக்காக நாங்க கூப்புட்டோம்."

ஆராதனை முடிந்ததும் குருவானவர் லயத்து வீட்டுக்குள் குனிந்து நுழைந்து, கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். "உம்மைக் கூட்டிக்கொண்டு போனால் இந்தத் தோட்டம் என்னைச் சும்மா விடாது, ஞானாபரணம். இங்கேயே இரும்" என்றார். நோயாளி கைகூப்பினார். எத்தனையோ விடியலில் ஆண்டவருக்காக மணி அடித்தவர் அவர். அவருக்காக ஆண்டவரே ஒருநாள் மணி அடித்துவிட்டார். அதுவும் இரும்பைத் தொடக்கூடாதென்று சொன்னவரின் கையைக்கொண்டே அடித்தார்.

கேலிக்கு வைத்த பெயர் பிறகு மாறவேயில்லை. அந்தக் கொட்டகை கோவிலானபோது சனங்கள் அதைப் பெரட்டுக் கோவில் என்றே பெருமையோடு அழைத்தார்கள். அதில் மணி கட்டியபின்னும் ஞானாபரணர் ஞாயிறுதோறும் வாசல் வாசலாக நடந்துவிட்டுத்தான் கயிற்றைத் தொடுவார். தூங்குகிறவரை எழுப்பாமலே ஒரு தோட்டத்தை எழுப்பிய அந்தப் பாதங்களுக்கு நம் வணக்கம்.